அம்மாவோட பிசினஸ், உங்க ஜிபே: கனகசெட்டிக்குளத்துல போட்ட ஒரு கணக்கு

போன வாரம் நம்ம சேனல்ல பெண்கள் தொழில் கடன் பற்றி போட்ட வீடியோவுல நேரம் பத்தல, கணக்கு எதையும் காட்ட முடியல. அதைத்தான் இங்க எழுதுறேன். இதுல இருக்குற வரம்பு, வரி விகிதம் எல்லாம் 2025 டிசம்பர் நிலவரம்.

நம்ம வாசகர்கள்ல பெரும்பாலானவங்க மாசச் சம்பளக்காரங்க. "எனக்கும் பெண் தொழில்முனைவோருக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைக்காதீங்க. உங்க வீட்டுல அம்மாவோ அக்காவோ மனைவியோ ஊறுகாய் போடுறாங்களா, பிளவுஸ் தைக்கிறாங்களா, கேக் செய்றாங்களா? அவங்க மாட்டி வச்சிருக்குற க்யூஆர் கோட் யாரோட பேர்ல இருக்கு? உங்க பேர்ல இருந்தா இது உங்க விஷயமும்தான்.

சம்பவம் இது. செப்டம்பர் மாசக் கடைசியில ஒரு தம்பி என் ஆபீஸுக்கு வந்தார். சென்னை ஓஎம்ஆர்-ல வேலை, கையில 38,000 சம்பளம். சொந்த ஊர் கனகசெட்டிக்குளம். காலாப்பட்டு தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில புதுச்சேரியோட வடக்கு எல்லையை ஒட்டின ஊர். அம்மா பத்து வருஷமா இறால் ஊறுகாய், கருவாட்டுத் தொக்கு, மசாலாப் பொடி செய்றாங்க. பல்கலைக்கழக ஹாஸ்டல் பிள்ளைங்க, ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க, ஈசிஆர்-ல கார் நிறுத்தி வாங்குறவங்க என்று மாசம் 1.2 லட்சம் ரூபாய்க்கு விற்பனை. வருஷத்துக்கு 14.4 லட்சம். எல்லாச் செலவும் போக நூத்துக்கு 25 ரூபாய் நிக்குது.

இப்ப திண்டிவனத்துல ஒரு கடைக்காரர் மாசம் 200 பாட்டில், பாட்டில் 150 ரூபாய்க்கு, தொடர்ந்து கேட்கிறார். அதுக்கு அரைக்கிற மெஷின், கொஞ்சம் சரக்கு முதலீடு வேணும். அம்மா பேங்குக்குப் போயிருக்காங்க. மேனேஜர் ஒரு வருஷ ஸ்டேட்மென்ட் கேட்டிருக்கார். அம்மா பாஸ்புக்ல இருந்தது குடும்பத் தலைவிக்கு புதுச்சேரி அரசு கொடுத்த மாசம் 1,000 ரூபாயும், குழுக்கடன் தவணையும்தான். 14.4 லட்சத்துல பெரும்பகுதி எங்க? பையனோட சேவிங்ஸ் அக்கவுண்ட்ல. மூணு வருஷமா க்யூஆர் அவர் பேர்ல.

அந்த அம்மா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. "இன்னா மேடம், கை வெந்து செய்றது நானு, கணக்கு மட்டும் அவன் போனுக்குள்ள போயி குந்திக்கிச்சு."

பேங்க் இல்லேன்னதும் தம்பி ஒரு முடிவு எடுத்தார். ஆப்ல 3 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீதம், 3 வருஷம். என்கிட்ட வந்தது அதுக்கு அப்புறம்தான். இ.எம்.ஐ. 10,253 ரூபாய், மொத்த வட்டி சுமார் 69,000. வட்டியை விடுங்க. அடுத்த வருஷம் வீட்டுக்கடன் வாங்கணும்னு அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. 8.5 சதவீதத்துல 20 வருஷ வீட்டுக்கடனுக்கு லட்சத்துக்கு இ.எம்.ஐ. 868 ரூபாய். அப்போ 10,253 ரூபாய் ஏற்கனவே போய்க்கிட்டிருந்தா, அவரோட வீட்டுக்கடன் தகுதியில சுமார் 11.8 லட்சம் கரையுது. 3 லட்சத்துக்காக 11.8 லட்சம். பாசத்துல செஞ்சதுதான், தப்பு சொல்லல. ஆனா அம்மா பேர்லயே அந்தப் பணம் கிடைச்சிருக்கும்.

எப்படின்னு பார்ப்போம்.

டர்ன்ஓவர்தான் சொத்து

சின்னத் தொழிலுக்கு நடைமுறை மூலதனம் எவ்வளவு கொடுக்கலாம்னு பார்க்க வங்கிகள் நாயக் கமிட்டி முறைன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. எதிர்பார்க்கிற வருஷ விற்பனையில 25 சதவீதம் தேவைன்னு எடுத்துப்பாங்க. அதுல 5 சதவீதம் நீங்க போடணும், 20 சதவீதம் வங்கி. நம்ம அம்மாவுக்கு இப்ப 14.4 லட்சம், திண்டிவனம் ஆர்டர் வருஷத்துக்கு 3.6 லட்சம், மொத்தம் 18 லட்சம். 20 சதவீதம்னா 3.6 லட்சம். தம்பி எடுத்த பர்சனல் லோனை விட அதிகம்!

ஆனா 18 லட்சம் எதிர்பார்க்கிறேன்னு சொன்னா, 14 லட்சம் ஏற்கனவே நடந்திருக்குன்னு காட்டணும். அந்தச் சாட்சி அவங்க அக்கவுண்ட்ல இருந்தா 3.6 லட்சத்துக்குப் பேச்சு தொடங்கும். உங்க அக்கவுண்ட்ல இருந்தா அவங்களுக்கு அது பூஜ்ஜியம்.

10 லட்சம் வரைக்குமான சிறுதொழில் கடனுக்கு வீட்டுப் பத்திரம், நகை மாதிரி அடமானம் கேட்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. அதுக்குத்தான் சிஜிடிஎம்எஸ்இ-ன்னு ஒரு உத்தரவாத நிதி. கடன் கெட்டுப்போனா ஒரு பகுதியை அது வங்கிக்குத் தரும். பெண்கள் தொழிலுக்கு அந்தப் பகுதி கூடுதல். அதனால "அடமானம் இல்லாம கொடுக்க மாட்டோம்"னு யாராவது சொன்னா, அந்த விதியை மரியாதையா ஞாபகப்படுத்துங்க. மனுவை நிராகரிச்சா காரணத்தை எழுத்துல கேளுங்க. ஆனா அடமானம் வேண்டாம்னா ஆதாரமும் வேண்டாம்னு அர்த்தம் இல்ல.

அப்ப வரி வராதா?

க்யூஆர் ஏன் பையன் பேர்ல போச்சுன்னு கேட்டா, பாதி வீட்டுல பதில் "அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் தெரியாது". மீதி வீட்டுல "வரி வந்துடும்". ரெண்டாவது பயத்துக்கு அர்த்தமே இல்ல.

44ஏடி-ன்னு ஒரு பிரிவு. சிறுவியாபாரி கணக்குப் புத்தகம் எழுதாம, விற்பனையில குறைந்தது 8 சதவீதம், டிஜிட்டலா வந்த பணத்துக்கு 6 சதவீதம், லாபம்னு காட்டி ஐடிஆர்-4 போடலாம். 14.4 லட்சமும் யுபிஐ-ல வந்ததுன்னு வச்சா 86,400 ரூபாய். வரி பூஜ்ஜியம்.

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. 6 சதவீதம் என்பது தரை, கூரை இல்ல. இந்த அம்மாவோட உண்மையான லாபம் 25 சதவீதம், அதாவது 3.6 லட்சம். அதை அப்படியே காட்டினாலும் புதிய வரி முறையில 4 லட்சம் வரை அடிப்படை விலக்கு, வரி அப்பவும் பூஜ்ஜியம். வங்கி பார்க்கிறது ரிட்டர்ன்ல இருக்குற வருமானத்தை. மாசம் 7,200 சம்பாதிக்கிறவங்களுக்கும் 30,000 சம்பாதிக்கிறவங்களுக்கும் ஒரே கடன் கிடைக்குமா? வரியே இல்லாத இடத்துல வருமானத்தைக் குறைச்சுக் காட்டி என்ன மிச்சம் பண்றோம்?

ரிஸ்க் எல்லாம் தம்பி பக்கம். அவர் சம்பளத்துக்கு மட்டும் ஐடிஆர்-1 போட்டிருக்கார், அக்கவுண்ட்ல சம்பளத்தைப் போல மூணு மடங்கு வரவு. நோட்டீஸ் வந்தா இது அம்மாவோட வியாபாரம்னு அவர்தான் நிரூபிக்கணும். 2025 ஜூலையில கர்நாடகாவுல என்ன நடந்ததுன்னு பார்த்திருப்பீங்க. யுபிஐ வரவை வச்சு டீக்கடை, பேக்கரிக்கெல்லாம் வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்ப, பெங்களூருல கடைக்காரங்க க்யூஆரைக் கிழிச்சுப் போட்டுட்டு ரொக்கம் கேட்டாங்க. அங்க பேச்சு 40 லட்ச வரம்பு பற்றி. புதுச்சேரியில அந்த வரம்பு பாதிதான்.

எல்லையில ஒரு ஜிஎஸ்டி

பொருள் விற்கிறவங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 40 லட்சம்னு எல்லா வீடியோவுலயும் சொல்வாங்க. நானும் ஒரு காலத்துல அப்படியே சொல்லியிருக்கேன். 2019 ஏப்ரல்ல வரம்பை உயர்த்தினப்போ சில மாநிலங்கள் அதுல சேரல. புதுச்சேரி அதுல ஒண்ணு. இங்க பொருளுக்கும் 20 லட்சம்தான்.

அடுத்தது, வெளிமாநிலத்துக்கு வரிக்குரிய பொருளை வித்தா, கைவினைப் பொருள் மாதிரி சில விலக்குகள் தவிர, வரம்பே கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். சென்னையில இருக்குறவங்களுக்கு வெளிமாநிலம்னா பெங்களூரு, ஹைதராபாத். கனகசெட்டிக்குளத்துக்கு? வடக்கே நடந்து போற தூரத்துல தமிழ்நாடு. தெற்கே புதுச்சேரி டவுனுக்குப் போறதுக்கே பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம்னு தமிழ்நாட்டைத் தாண்டித்தான் போகணும்.

பயப்படாதீங்க, வண்டி எந்த வழியா போகுதுங்கிறது கணக்கு இல்ல. சரக்கு போய்ச் சேருற இடம்தான் கணக்கு. டவுன்ல நேரு வீதி கடைக்குப் போட்டா, நடுவுல தமிழ்நாட்டைத் தாண்டினாலும் அது உள்மாநில விற்பனைதான். ஈசிஆர்-ல நின்னு வாங்குற சென்னைக்காரர் முகவரி கொடுக்காம காசு கொடுத்து வாங்கிட்டுப் போனா அதுவும் புதுச்சேரி விற்பனை. திண்டிவனம் கடைக்குப் போறது வெளிமாநிலம். கடைக்காரரே வண்டி எடுத்துட்டு வந்து ஏத்திக்கிட்டாலும், சரக்கு முடியுற இடம் திண்டிவனம்தான். இன்ஸ்டாகிராம்ல ஆர்டர் எடுத்து மதுரைக்கு கூரியர் பண்றதும் அப்படியே. 1.5 கோடி வரைக்கும் 1 சதவீதம் கட்டுற காம்பொசிஷன் திட்டமும் கைகொடுக்காது, ஏன்னா அதுல வெளிமாநில விற்பனை கூடாது.

சரி, பதிவு பண்ணிட்டா என்ன ஆகும்? திண்டிவனம் ஆர்டருக்கு மட்டும் வரி இல்ல, எல்லா விற்பனைக்கும் வரி. ஊறுகாய் 12 சதவீதத்துல இருந்து 5-க்கு வந்தது 2025 செப்டம்பர் 22-ல. அதுவரைக்கும் இந்தக் கணக்கு இன்னும் மோசம். இப்ப 5 சதவீதத்துல பார்ப்போம். எல்லாத்தையும் 150 ரூபாய் பாட்டிலாவே வச்சுப்போம்.

புது ஆர்டர்ல லாபம் 3.6 லட்சத்துல 25 சதவீதம், 90,000. கடைக்காரருக்கு 150 மேல 5 சதவீதம் தனியா போட்டா அவர் அதை உள்ளீட்டு வரியா எடுத்துப்பார், அதுல நஷ்டம் இல்ல. ஆனா ஏற்கனவே இருக்குற 14.4 லட்சம் விற்பனையில, விலையை ஏத்தலன்னா ஒவ்வொரு 150-லயும் 7 ரூபாய் 14 பைசா வரியாப் போகும். வருஷத்துக்கு சுமார் 68,600. எண்ணெய், பாட்டில், லேபிள் பில்லுல கட்டின வரி சுமார் 28,000 கழியும். இறாலை படகுக்காரங்ககிட்ட வாங்குறாங்க, அதுல கழிக்க ஒண்ணும் இல்ல. நிகரம் 40,600. ரிட்டர்ன் போட கணக்காளருக்கு மாசம் 1,000, வருஷம் 12,000. ஆக 90,000-ல 52,600 போயிடுது. மிச்சம் 37,400. இன்னும் கடன் வட்டி கழிக்கல!

இதை நான் பேப்பர்ல போட்டுக் காட்டினப்போ தம்பிக்கு முகம் தொங்கிடுச்சு. "அப்ப ஆர்டரை விட்டுடலாமா மேடம்?" என்றார். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சு, "பாட்டிலுக்குப் பத்து ரூபா ஏத்திட்டா?" என்று கேட்டாங்க. மூணு வருஷமா விலை ஏத்தவே இல்லையாம். 9,600 பாட்டிலுக்கு 10 ரூபாய்னா 96,000, வரி போக 91,400. அத்தனை செலவும் அடைஞ்சு மேலயும் நிக்குது. நான் எக்செல்ல தேடினதை அவங்க வாயிலயே சொல்லிட்டாங்க. விலை ஏத்தினா பத்துல ஒரு வாடிக்கையாளர் குறைஞ்சாக்கூட என்ன ஆகும்னு அதுக்கப்புறம் அரை மணி நேரம் பேசினோம். அவங்க கணிப்பு, ஹாஸ்டல் பிள்ளைங்க முணுமுணுப்பாங்க, கார்காரங்க கேட்கவே மாட்டாங்க.

உங்க வீட்டுத் தொழில் வேறயா இருக்கலாம். ஆனா வெளிமாநில ஆர்டர் ஒண்ணு வந்தா அதோட லாபத்தை மட்டும் பார்க்காம, பழைய விற்பனை மேல வர்ற வரியையும் சேர்த்துப் பாருங்க. தையல் மாதிரி சேவைத் தொழிலுக்கு இந்தத் தலைவலி இல்ல. சேவைன்னா வெளிமாநிலத்துக்கும் 20 லட்சம் வரை பதிவு வேண்டாம்.

இன்னொரு வரம்பையும் இந்த அம்மா தெரியாமலே தாண்டியிருந்தாங்க. உணவுப் பாதுகாப்புத் துறையோட வருஷம் 100 ரூபாய் அடிப்படைப் பதிவு 12 லட்சம் விற்பனை வரைக்கும்தான். அதுக்கு மேல மாநில உரிமம் வேணும். இவங்க அளவு உற்பத்திக்கு வருஷம் 3,000 ரூபாய். உடனே மாத்தினோம்.

எந்தத் திட்டம், எது இல்ல

முதல்ல ஒரு எச்சரிக்கை. நீங்க தமிழ்ல பார்க்கிற திட்ட வீடியோ பாதிக்கு மேல தமிழ்நாட்டுத் திட்டம். நீட்ஸ், யுஒய்இஜிபி எல்லாம் தமிழ்நாட்டுல வசிக்கிறவங்களுக்கு. புதுச்சேரி ஆதாரை எடுத்துக்கிட்டு விழுப்புரம் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனா பஸ் காசுதான் நஷ்டம். உங்களுக்கு தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில இருக்குற மாவட்டத் தொழில் மையம்.

பிஎம்இஜிபி-யில பெண்களுக்கு நல்ல மானியம். சொந்தப் பணம் 5 சதவீதம் போதும். மானியம் நகரத்துல 25 சதவீதம், கிராமத்துல 35. 5 லட்சம் திட்டத்துக்கு 1.25 லட்சமா 1.75 லட்சமா என்கிறது உங்க இடம் எந்தக் கணக்குல வருதுங்கிறதைப் பொறுத்தது. பார்க்க கிராமம் மாதிரி இருக்குற இடம் நகராட்சிக் கணக்குல இருக்கலாம், முதல்லயே கேட்டுடுங்க. மானியம் கையில வராது. 3 வருஷம் வங்கியிலயே டெபாசிட்டா இருந்து, யூனிட் ஓடுதான்னு பார்த்துட்டுத்தான் கடன்ல கழிப்பாங்க. முக்கியமா, இது புதுத் தொழிலுக்கு மட்டும். ஏற்கனவே ஓடுற தொழிலுக்குக் கிடையாது. பத்து வருஷமா ஊறுகாய் போடுற அம்மாவைப் புதுசா தொடங்குறதா எழுதச் சொல்லி ஒரு புரோக்கர் 15,000 கேட்டிருக்கார். நல்லவேளை, கொடுக்கல.

வளர்ற தொழிலுக்கு என் பார்வையில முத்ராதான் நேரான வழி. 2015 ஏப்ரல்ல இருந்து இருக்கு. சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனை ஒழுங்கா அடைச்சவங்களுக்கு இப்ப 20 லட்சம் வரை. இதுல மானியம் கிடையாது. முத்ரா மானியம் வாங்கித் தரேன்னு யார் சொன்னாலும் போனை வச்சுடுங்க. ஸ்டாண்ட்-அப் இந்தியா 10 லட்சத்துக்கு மேல, அதுவும் புதுத் தொழிலுக்கு, 2025 மார்ச்சோட அந்தக் காலமும் முடிஞ்சது.

உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் வேணும், பத்து நிமிஷம். அம்மா பேர்ல பண்ணுங்க, உங்க பேர்ல இல்ல. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்களோட கொள்முதல்ல 3 சதவீதம் பெண்கள் நடத்துற குறு, சிறு நிறுவனங்கள்ல வாங்கணும்னு விதி இருக்கு. அதுக்காக உடனே ஆர்டர் கொட்டும்னு நினைக்காதீங்க, ஊறுகாய்க்கு அதை விடப் பயன்படுறது வேற ஒண்ணு. கடைக்காரர் 45 நாளுக்கு மேல காசை இழுத்தடிச்சா, உத்யம் இருக்குற உற்பத்தியாளர் சட்டப்படி வட்டி கேட்கலாம், சமாதான் போர்ட்டல்ல புகார் போடலாம். 45 நாள்ல கொடுக்காம வருஷக் கடைசியிலயும் பாக்கி வச்சா, கடைக்காரருக்கும் அந்த வருஷம் அதைச் செலவாக் கழிக்க முடியாது. அவரோட ஆடிட்டரே நினைவூட்டுவார்.

பயிற்சி வேணும்னா, புதுச்சேரியோட முன்னோடி வங்கியான இந்தியன் வங்கி நடத்துற இன்ட்செட்டி இருக்கு. இலவசம், சாப்பாடும் உண்டு.

குழுக்கடன் பற்றிக் கொஞ்சம். பேங்க் வாசலை மிதிக்க முடியாத பெண்களுக்குக் குழுதான் வழி திறந்தது. 1978-ல ஜெயா அருணாசலம் சென்னையில உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினப்போ தெருவுல காய்கறி, மீன் விற்கிற பெண்களுக்கு கடன்தான் முதல் பிரச்சினை. 1981-ல சொந்தமா கூட்டுறவுக் கடன் சங்கமே ஆரம்பிச்சாங்க. ஆனா இன்னிக்கு ஊர்ல வர்ற "குழு லோன்" எல்லாம் அந்த வகை இல்ல, வட்டியைப் பாருங்க. "நூத்துக்கு மாசம் ஒரு ரூபாதான்" என்று சொல்வாங்க. 1 லட்சத்துக்கு 24 மாசம், முழு அசலுக்கும் வட்டி போட்டா தவணை 5,167. குறையுற அசல்ல கணக்குப் பண்ணினா அது 12 சதவீதம் இல்ல, 21.6 சதவீதம்.

உங்க பணத்தைப் போடணும்னா

அம்மாவுக்குக் கொடுத்தா அன்பளிப்புக்கு வரி இல்ல, அந்தப் பணத்துல வர்ற லாபமும் அவங்க வருமானம்தான். மனைவிக்குக் கொடுத்தா கதை வேற. நீங்க அன்பளிப்பா கொடுத்த மூலதனத்தோட விகிதத்துல அந்த லாபம் உங்க சம்பளத்தோட சேரும். 30 சதவீத ஸ்லாப்ல இருக்குறவங்களுக்கு வலிக்கும். நியாயமான வட்டியோட, எழுத்துல, கடனாக் கொடுத்தா அந்தச் சிக்கல் இல்ல. யாருக்குக் கொடுத்தாலும் வங்கி வழியா. கடன்னா 20,000-லிருந்தே ரொக்கம் கூடாது. கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டா அது உங்க சிபில்லயும் ஏறும், தெரிஞ்சு போடுங்க.

நம்ம தம்பி விஷயத்துல என்ன பண்ணோம்? அக்டோபர் முதல் வாரம் அம்மா பேர்ல கரன்ட் அக்கவுண்ட், அதுல க்யூஆர். பழைய அட்டை மேல புது ஸ்டிக்கர். பழைய ரெண்டு வருஷத்துக்கு, பையன் அக்கவுண்ட்ல வந்த வரவைப் பிரிச்சு, அம்மாவோட விற்பனையாக் கணக்கெழுதி, அம்மா பேர்ல ரிட்டர்ன் தயார் பண்றோம். காலக்கெடு தாண்டின வருஷத்துக்கு அப்டேட்டட் ரிட்டர்ன்தான் வழி. ஆனா அது கூடுதல் வரி கட்டவேண்டி இருந்தா மட்டும் செல்லும், பூஜ்ஜிய வரிக்காரங்களுக்குப் பயன்படாது. அதனால பழைய வருஷத்துக்கு கணக்கை மட்டும் கையில வச்சுக்கிட்டு, காலக்கெடுவுக்குள்ள இருக்குற 2024-25-க்கு டிசம்பர் 31-க்கு முன்னாடி தாமதக் கட்டணத்தோட ரிட்டர்ன் போடுறோம். ஜிஎஸ்டி பதிவுக்கு வீடு அப்பா பேர்ல இருந்ததால கரண்ட் பில்லும் ஒரு சம்மதக் கடிதமும் போதும்னு ஆச்சு.

திண்டிவனத்துக்கு முதல் 200 பாட்டில் நவம்பர்ல போயிடுச்சு, பில் அம்மா கையெழுத்துல. மார்ச் முடிஞ்சா ஆறு மாச ஸ்டேட்மென்ட், ஒரு ஐடிஆர், ஆறு மாச ஜிஎஸ்டி ரிட்டர்ன் கையில இருக்கும். ஏப்ரல்ல கிஷோர் கடனுக்கு 3.5 லட்சம் எழுதி, அதே பேங்க்ல, அதே மேனேஜர்கிட்ட கொடுக்கப் போறோம். அது கிடைச்சா தம்பியோட பர்சனல் லோனை அடைக்கிறதுக்கு அதுலருந்து எடுக்கக் கூடாதுன்னு இப்பவே சொல்லி வச்சிருக்கேன். தொழில் கடன் தொழிலுக்குத்தான். அவர் லோனுக்கு, அம்மா மாசம் 5,000 அவர் அக்கவுண்ட்டுக்கு அனுப்புறதா ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட தாள் ஒண்ணு என் ஃபைல்ல இருக்கு.